ஹெஸ்டர் கை தூக்கிய பிறகு

எங்கள் கிராமப்புற மாவட்டக் கவுன்சிலைக் கலைத்துப் பெரிய கவுன்சிலோடு சேர்க்கக் கை தூக்கியவர், எங்கள் உறுப்பினர் ஹெஸ்டர் தாக்வே. "பெரிய கவுன்சில்னா ஆத்தங்கரையை ஒசத்திக் கட்டுவாங்க" என்று வீடு வீடாகச் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் கரை உடைந்து, எங்கள் ஊர் ஆஸ்பர்ட்டின் ஆடுகள் வெள்ளத்தில் செத்தன. ஹெஸ்டர் பெரிய கவுன்சிலின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"ஆத்துக்கு எந்தப் பக்கம்மா உங்க ஊரு? அந்தப் பக்கம்னா பக்கத்து மாவட்டம்" என்றான் ஒருவன்.

"ரெண்டு பக்கமும் தண்ணிதான்ப்பா!"

செத்த ஆடுகளை இழுத்துப் போட்டபடி ஆஸ்பர்ட், பார்க்க வந்த ஹெஸ்டரிடம் கேட்டார்: "முன்னெல்லாம் கரையை அடைக்க நம்ம கவுன்சில் ஆளுங்க மண்வெட்டியோட நிப்பாங்க. அவங்கள வீட்டுக்கு அனுப்புனது நீங்கதானே, உறுப்பினரம்மா?"

ஹெஸ்டர் குனிந்து ஓர் ஆட்டின் காலைப் பிடித்து இழுத்தார்.

வசந்தத்தில் பெரிய கவுன்சிலுக்குத் தேர்தல் வந்தது. அவரை எதிர்த்து நின்று அந்தக் கவுன்சிலுக்குப் போக ஆஸ்பர்ட் உட்பட ஒருவருக்கும் மனமில்லை. போட்டியின்றி அவரே வென்றார். வாழ்த்துச் சொல்லத்தான் யாரும் போகவில்லை.