ஊமைக் கட்டை

ஆடுவதற்கென்றே போட்ட பாட்டை அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழைய இசைத்தட்டுச் சங்கத்தின் முதல் விதி. காலால் தாளம் போடக் கூடாது என்பது இரண்டாவது. இரண்டையும் எழுதியவர் தலைவர் டர்ன்புல். சங்கத்தின் முத்திரையை வரைந்ததும், அதைத் தன் கோட்டில் தைத்துக்கொண்டதும் அவரே. மாதத்தின் முதல் வியாழக்கிழமை மதியம், மெதடிஸ்ட் கோயிலின் பின்கூடத்தில் பன்னிரண்டு பேர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய நடனக் குழு ஒன்று பெட்டிக்குள் குதியாட்டம் போடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் யாரையோ அடக்கம் பண்ண வந்த கூட்டம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றியதுண்டு.

அவர்களுக்குத் தேநீர் போடுகிறவள் மியூரியல். அறுபது வயது விதவை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னல் வழியாகக் கோப்பைகளை நீட்டுவாள், பிஸ்கட்டை எண்ணி வைப்பாள். பதினோரு வருடமாக ஏன் வருகிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவளுடைய அண்ணன் வில்ஃப் ஒரே ஒரு கோடைகாலம், முப்பத்தொன்பதில், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கடல்பாலத்து நடனக் கூடத்தில் பாடினான். அந்தக் காலத்தில் இசைத்தட்டிலேயே பாடகன் பெயரைப் போட மாட்டார்கள். குழுத் தலைவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அதற்குக் கீழே 'பாட்டுடன்' என்று இருக்கும், குழம்புடன் என்று சாப்பாட்டுக் கடையில் எழுதுவதைப் போல. வில்ஃபுக்கு அந்தப் 'பாட்டுடன்' கூடக் கிடைக்கவில்லை. அந்தக் குழு தட்டே போடவில்லை, ஒரே ஓர் இரவு வானொலியில் வந்ததோடு சரி. நாற்பத்தொன்றில் அவன் போன கப்பல் முழுகியது. புதைக்க உடம்பும் இல்லை, கேட்கக் குரலும் இல்லை.

அண்ணன் சொன்னதெல்லாம் மியூரியலுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாம் அவளுடைய சொந்தக் குரலில்தான் கேட்டன. எந்த வருடத்தில் அவன் குரல் மறைந்து தன் குரல் வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. என்றைக்காவது யாராவது ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்களா என்றுதான் பிஸ்கட் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டர்ன்புல்லிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. வானொலியில் வந்த நடன இசையை யாரோ வீட்டிலேயே தட்டில் வெட்டி எடுத்திருந்தார்கள். உறையில் பென்சிலால் 'லண்டன்? எல்.வி.?' என்று எழுதியிருந்தது. லயனல் வேன் என்ற புகழ்பெற்ற பாடகரின் காணாமற்போன பாட்டு இதுதான் என்று டர்ன்புல் பன்னிரண்டு பக்கப் புத்தகமே அச்சிட்டார். அச்சில் கேள்விக்குறிகள் இரண்டும் உதிர்ந்துவிட்டன. வேன் விடும் ஒரு மெல்லிய பெருமூச்சுக்கு மட்டும் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்.

தட்டு தேய்ந்துவிடும் என்று வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில், தேநீருக்குச் சற்று முன்னால் போடுவார். அந்த நேரத்தில் தேநீருக்கு வெந்நீர் போடும் கொதிகலன் சமையலறையில் புஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். பதினோரு வருடமும் மியூரியல் கேட்டது அந்த இரைச்சலைத்தான். இந்த வருடம் கொதிகலன் செத்துப்போனது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, வேலையில்லாமல் ஜன்னலோரம் நின்றாள்.

முதலில் ஆடுகிறவர்களின் காலடிகள் கேட்டன, மணலில் அலை இழுபடுவதைப் போல. பிறகு பியானோ படியிறங்கி வந்தது. இறங்கும்போது ஒரு படி இல்லை. சுரம் ஒன்று விழாமல், பல் போன வாய் போல அங்கே ஓட்டை.

மியூரியல் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

கடல்பாலத்துப் பியானோவில், உப்புக்காற்று பட்டு ஒரு கறுப்புக் கட்டை ஊமையாகியிருந்தது. காலை வேளைகளில் அவள் அதில்தான் பழகினாள். வில்ஃப் அந்தக் கட்டைக்குப் பாதிரியார் என்று பேர் வைத்திருந்தான். கறுப்பு உடுப்பு, அவசரத்துக்கு வாய் திறக்காது.

அவள் கூடத்துக்குள் வந்தாள். பாட்டு ஓடும்போது எழுந்து நடக்கக் கூடாது என்பது ஏழாவது விதி. மூலையில் உறை போட்டுக் கிடந்த கோயில் பியானோவைத் திறந்து ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினாள். பன்னிரண்டு தலைகள் திரும்பின. டர்ன்புல் முள்ளைத் தூக்கினார்.

"மிஸஸ் ஹெஸ்கெத், தண்ணி கொதிச்சிருச்சா?"

"ஓட்டை விழுறது இங்க, ஆறாங் கட்டையில. விழவேண்டியது அஞ்சரையில, பக்கத்துக் கறுப்புக் கட்டையில. தட்டு அரைக் கட்டை ஏறி ஓடுதுங்க. கொஞ்சம் வேகத்தைக் குறைங்க."

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்துன்னா எழுபத்தெட்டுதாம்மா. சங்கத்து விதி."

"வெட்டுனவன் சங்கத்துல சேரலையே தலைவரே," என்றார் பின்வரிசையில் நெட் கார்சைடு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ராணுவத்தில் சாக்ஸஃபோன் ஊதியவர். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். இந்தச் சுருதியில சாக்ஸஃபோன்காரன் எவனும் ஊத மாட்டான். ஊதச் சொன்னா பெட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். குறைச்சுத்தான் பாருங்களேன், உங்க வேன் என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

டர்ன்புல் வேகக் குமிழைத் தன் பல்செட்டைக் கழற்றுகிறவர் போலத் திருப்பினார். எழுபத்தாறு. எழுபத்து நாலு. முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

பியானோ மறுபடி இறங்கியது. ஓட்டை அஞ்சரையில் விழுந்தது. பிறகு குரல் வந்தது. லயனல் வேனின் பட்டுப் போன்ற குரல் எங்கோ போய்விட்டது. வந்தது இருபத்தொரு வயதுப் பையனின் குரல், கொஞ்சம் கனத்தது, லண்டன் வாடையில்லாத எங்கள் வடக்கத்திக் குரல். புத்தகத்தில் ஒரு பக்கம் பிடித்த பெருமூச்சு, முன்பல் உடைந்த சந்தில் காற்று சீட்டியடிப்பதாக மாறியது. பாலத்துப் படியில் விழுந்து அந்தப் பல்லை அவன் உடைத்துக்கொண்ட அன்றைக்கு மியூரியல்தான் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தாள்.

"எங்க அண்ணன்," என்றாள்.

உச்சத்துக்குப் போகும் வரியில் குரல் லேசாக நடுங்கியது. வேகத்தில் இத்தனை நாள் மறைந்திருந்த நடுக்கம். அவளுக்கு அது தெரியும். வானொலியில் பாடிய அந்த ஒரே இரவில் அவள் திரைக்குப் பின்னால் நின்று, அவன் முழங்கால்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தால் மட்டும் வரும் நடுக்கம்.

டர்ன்புல் தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். பிறகு, பாடியவர் யார் என்பது உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கும் விஷயமல்ல என்றும், வாக்கெடுப்புக்கு விடுவதே முறை என்றும் அறிவித்தார். லயனல் வேனுக்கு எட்டுக் கைகள். வில்ஃபுக்கு மூன்று. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேற்படி குரல் லயனல் வேனுடையதே என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

"விடு கண்ணு," என்றார் நெட் கோப்பையை வாங்கிக்கொண்டே. "பேரோட செத்தவனுக்கே ஓட்டுப் போடுற ஊரு இது. பாடுனது யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரிந்தது. அந்த எட்டுப் பேர் மேல் அவளுக்குக் கோபமில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது, அதுதான் இப்போது தொல்லை.

கடைசியாக ரயிலடியில் வில்ஃப் சொன்னது இதுதான்: "அழாதடி. பாதிரியார ரிப்பேர் பண்ணி வை, வந்து பாடணும்." நாற்பத்து மூன்று வருடம் அதைத் தன் குரலில் கேட்டு, வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்திருந்தாள். அன்று மாலை கோப்பைகளைக் கழுவும்போது அதே வார்த்தைகள் அவன் குரலில் வந்தன. 'வந்து' என்ற இடத்தில் அந்த நடுக்கம் இருந்தது. வரமாட்டோம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீருக்கு அடியிலும் கேட்டது.

அடுத்த செப்டம்பரில் கொதிகலன் புதிதாக வந்திருந்தது. டர்ன்புல் தட்டை வைத்து, எழுபத்தெட்டில் முள்ளை இறக்கினார். இரண்டு வரி ஓடுவதற்குள் முகம் மாறியது. வேனை அவராலும் இனிக் கேட்க முடியவில்லை போலும். தட்டின் உடல்நலம் கருதி வேகம் குறைக்கப்படுகிறது என்று அறிவித்தார். ஜன்னல் பக்கம் பார்க்காமல் குமிழைத் திருப்பினார். அவருடைய வலது பாதம் இரண்டாவது விதியை மீறிக்கொண்டிருந்தது.

மியூரியல் கொதிகலனைப் போடவில்லை. தேநீர் எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை. முடிவில் பியானோ மறுபடி படியிறங்கி வந்தபோது, அவள் விரல் கழுவுதொட்டியின் மர விளிம்பில் அந்த ஊமைக் கட்டையின் இடத்தைத் தேடி, சரியான நேரத்தில் அழுத்தியது.

பாதிரியார் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.