ஷார்ஜாவிலிருந்து உப்பு வாரியவர்

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மரக்காணம் உப்பளத்தில், சுலோசனாவின் குத்தகைப் பாத்தியில், வாருபலகை ஆள் இல்லாமல் உப்பு வாரியது. மூங்கில் கழியின் நுனியில் பலகை அடித்த சாதாரண வாருபலகைதான். கழி சாய்ந்த வாக்கில் நின்றுகொண்டு, தரையில் படிந்திருந்த உப்பை இழுத்து இழுத்து வரப்போரமாகச் சேர்த்தது. பக்கத்துப் பாத்தி சகாயசெல்விதான் முதலில் பார்த்தாள். பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, தன் பாத்திக்கும் இப்படி ஒன்று வந்தால் தேவலை என்று தோன்றியதாகப் பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள். ஊரடங்கு நேரம், கூலிக்கு ஆள் வர வழியில்லை. உப்போ ஊரடங்கைக் கண்டுகொள்ளாது. வெயில் அடித்தால் பூக்கும், வாராமல் விட்டால் தரையோடு தரையாக இறுகிவிடும். ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வெகு நேரம் பார்த்தார். கூட்டம் கூடக் கூடாது என்பதுதான் உத்தரவு, இங்கே ஒருவர்கூட இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மாஸ்க்கைச் சரிசெய்தபடி கிளம்பிப் போனார்.

சுலோசனா பலகையைப் பார்த்து மலைத்து நிற்கவில்லை, அது வாரிய லட்சணத்தைப் பார்த்தாள். பாத்தியின் ஒரு மூலையில் மட்டும் உப்பு தொடாமல் கிடந்தது. கல்யாணமான நாள் முதலாக அவள் திட்டித் திட்டி ஓய்ந்துபோன குறை அது. அப்படி மூலையை விட்டுவிட்டு இழுக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் காசிலிங்கம், அவளுடைய புருஷன், இரண்டு வருஷமாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்கிடம் ஹெல்பராக இருக்கிறான். வரப்பில் நின்றபடியே போனைப் போட்டாள்.

“இன்னா மாமா பண்ணிக்கினு இருக்க?”

“வேலைதான் இல்லையே சுலோ. ரூமை வுட்டு வெளிய போவக் கூடாதுன்னுட்டான். போன்ல கேம் ஆடிக்கினு இருக்கேன். அவனவன் வூடு கட்றான், கோட்டை கட்றான். எனக்கு இன்னா தெரியும்? பாத்தி கட்டி உப்பு வார்றேன்.”

“இங்க பலகை நவுருது மாமா.”

காசிலிங்கம் உடனே, “மூலைய வுட்டுட்டேனா?” என்று கேட்டான். வுட்டுட்ட என்றாள் அவள்.

அந்த ஆண்டு உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. சினிமாக் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. கையில் போன் இருந்தவர்கள் எல்லாம் கேமில் விழுந்தார்கள்; வீடியோ கேம் தொழில் தன் சரித்திரத்திலேயே காணாத ஆண்டைக் கண்டுகொண்டிருக்கிறது என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசினார்கள். அந்தச் சரித்திரம் இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் குவைத்தில் படுத்துக்கொண்டு கார் ரேஸ் ஆட, வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டி தெருவை வலம் வந்தது. வீட்டம்மா அதை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டினாள். மரக்காணத்தில் ஒரு மளிகைக்காரரின் பாட்டிலில் ஒரே நிற மிட்டாய்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து காணாமல் போயின. பஹ்ரைனில் மிட்டாய் சேர்க்கும் கேம் ஆடிக்கொண்டிருந்த மருமகனுக்குப் போன் போட்டு அவர் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் ஜமாத்தும் கலந்து பேசி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் யாரும் துப்பாக்கி கேம் பக்கம் போகக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்கள். நல்ல வேளை, பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள். காசிலிங்கத்தின் உப்பை மட்டும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஏப்ரலும் மேயும் அவன் அங்கே இழுக்க இழுக்க இங்கே வரப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று குவிந்தது. சுலோசனா தண்ணீர் பாய்ச்சினாள், மூலையை வாரினாள். புருஷன் ஊரில் இருந்தபோதுகூட அவனோடு அத்தனை ஒற்றுமையாக அவள் வேலை செய்ததில்லை.

ஜூன் பிறந்ததும் பலகை தடுமாறியது. நான்கு இழுப்பு இழுக்கும், பாதிப் பாத்தியில் நிற்கும், திரும்ப இழுக்கும். கோடு கோணலாகப் போனது. சுலோசனா வரப்பில் ஏறிப் போனை எடுத்தாள். என்ன மாமா, உடம்புக்கு என்ன என்று கேட்டு அனுப்பினாள். நல்லா இருக்கேன், இங்க சிக்னல் சரியில்லை என்று பதில் வந்தது. புருஷன் பொய் சொல்வான், ஆனால் அவன் இழுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. மறுநாள் மத்தியானம் பலகை உப்புத் தண்ணீரில் மெல்லச் சாய்ந்து விழுந்தது. போன் ஸ்விட்ச் ஆஃப் என்றது. அதே அறையில் தங்கியிருந்த பெருமுக்கல் சக்கரபாணியைப் போனில் பிடித்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு அண்ணி. ஜுரம், மூச்சு வுட முடியல. ஆம்புலன்ஸ்ல இட்டுக்கினு போயிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னுகூட எங்கிட்ட சொல்லலிங்க.”

அதற்கு மேல் யாரைக் கேட்பது, எங்கே போவது? கடல் இருக்கிறது, அதற்கு அப்பால் இன்னொரு கடல். சுலோசனா பாத்தியே கதியென்று கிடந்தாள். விழுந்த பலகையைச் சுற்றி உப்பு பூத்தது, கழியில் ஏறியது, பலகையைத் தரையோடு கவ்வப் பார்த்தது. பலகையை எடுத்துக் கரையில் போடு, வேறு பலகையால் வாரிக்கொள்ளலாம், மேகம் வேறு கட்டுகிறது என்று சகாயசெல்வி எவ்வளவோ சொன்னாள். கரையில் போட்டால் அவர் எதைப் பிடித்து இழுப்பார் என்று கேட்டாள் சுலோசனா. மற்ற பாத்திகளை இரண்டு பெண்களும் சேர்ந்து வாரினார்கள். இந்த ஒரு பாத்தியில் மட்டும் யாரையும் கால் வைக்க விடாமல், தினமும் விடிந்ததும் அவளே இறங்கி, பலகையைச் சுற்றி இறுகிய உப்பை விரலால் உடைத்து விலக்குவாள். எப்போது இழுத்தாலும் சுலபமாக வர வேண்டும். பலம் இல்லாத கைக்கும் வர வேண்டும். விரல் நுனியெல்லாம் வெடித்து உப்பு ஏறி எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அவள் அழுதாள் என்று ஊரார் நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு நாள் காலையில், அவள் குனிந்து உப்பை உடைத்துக்கொண்டிருக்கும்போதே, பலகை அசைந்தது. காற்றோ என்று பார்த்தாள். காற்றில்லை. கழி தள்ளாடி எழுந்தது, ஒரு சாண் இழுத்தது, நின்றது. வெகு நேரம் கழித்து இன்னொரு சாண். “மாமா!” என்று அவள் போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. “மெதுவா மாமா, மெதுவா. ஒண்ணும் அவசரம் இல்ல. எம்மாம் நேரம் ஆனாலும் ஆவட்டும்.” வாழ்நாளெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் என்று அவனை விரட்டிய வாய் அது. சொல்லிவிட்டு, ஓடிப்போய்க் கழியைப் பிடித்துக்கொண்டு, அது இழுத்தபோது தானும் சேர்ந்து இழுத்தாள். மூங்கில் வெதுவெதுப்பாக இருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரமெல்லாம் இறங்கிய மாதிரி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்ததால் பேச முடியவில்லை, நர்ஸம்மா போனை சார்ஜ் போட்டுக் கொடுத்ததும் முதலில் கேமைத்தான் திறந்தேன், பாறை மாதிரி கனத்த பலகை திடீரென்று யாரோ கூடப் பிடித்த மாதிரி லேசாக வந்தது என்று காசிலிங்கம் பின்னால் சொன்னான்.

செப்டம்பரில் அவன் சிறப்பு விமானத்தில் வந்து இறங்கினான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது, ஆனால் இருந்தான். கடினமான வேலை எதுவும் செய்யக் கூடாது, நுரையீரல் தேற நாளாகும் என்றார்கள் டாக்டர்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தித் தண்ணீர் கட்டினார்கள், மாசியில் உப்பு பூத்தது. திண்டிவனத்திலிருந்து லோடு ஏற்ற வந்த புது டிரைவர் லாரியிலிருந்து இறங்கியதும், பலகை தனியாக உப்பு வாருவதைப் பார்த்து இந்தப் பாத்தியில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். சகாயசெல்வி தலையில் இருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

“சுலோசனா வூட்டுக்காரருங்க. தோ, கொட்டாய் நிழல்ல குந்திக்கினு உப்பு வாரிக்கினு இருக்காரு பாருங்க.”

டிரைவர் பார்த்தார். ஓலைக் கொட்டகையில் ஓர் ஒல்லி மனிதர் போனில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பெண் சொம்பில் மோர் ஆற்றிக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, லாரியைப் பின்னால் எடுக்கப் போனார்.