தூலம் நீட்டிய கதை

1

டொலிடோ நகரத்திலேயே இரும்புத் தூலத்தை ஒரு முழம் நீட்டிய ஒரே ஆள் நான்தான். வேண்டுமானால் இன்னும் அரை முழம் கூட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதை எழுதக் காரணம் என்னோடு வேலை பார்த்த ஏர்ல் டூடா. எங்கள் இரும்பு வேலைச் சங்கக் கட்டடத்தில் ஓய்வுபெற்றவர்கள் கூடும் காலைச் சாப்பாட்டில், "பெர்னிஸ் சொல்ற மாதிரி ஒண்ணு நடக்கவே இல்ல" என்று சாதிக்கிறான். (பெர்னிஸ் நான்தான்.) எழுதிவிட்டால் நடந்ததாகிவிடும் அல்லவா?

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய அந்த ஜனவரிக் காலையில், விதியானது..." (வேண்டாம். விதி அன்று வேலைக்கு வரவில்லை.)

இரண்டாவது: மளிகைக் கடைக் கல்லாவை விட்டுவிட்டு, சம்பளமும் கொடுத்துத் தொழிலும் கற்றுத்தரும் இரும்பு வேலைச் சங்கத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். சோதனைக் காலம் அந்த வெள்ளியோடு முடிகிறது. மேஸ்திரி ஹார்ட்விக் தலையாட்டினால் சங்கத்தில் நிலைப்பேன். இல்லையென்றால் மறுபடி கல்லா.

(இது போதும். மேலே போவோம்.)

3

முதல் மாடித் தூலத்தின் ஒரு முனையை முடுக்கியாயிற்று. மறுமுனையில் துளைகள் சேரவில்லை, தூலம் கொஞ்சம் குட்டை. அதன்மேல் உட்கார்ந்திருந்த ஏர்ல் கீழே குனிந்தான்.

"ஏ புள்ள, தூலம் நீட்டுற மெஷின வாங்கிட்டு வா."

அப்படி ஒரு மெஷின் கிடையாது. புது ஆளை இல்லாத சாமானுக்கு அலையவிடுவது எங்கள் வழக்கம். எனக்கு அது தெரியாது, போனேன். சாமான் அறைக்காரர், "இப்பத்தான் வெல்டிங் ஆளுங்க கொண்டுபோனாங்கம்மா" என்றார். வெல்டிங் ஆட்கள் குழாய்க்காரர்களைக் கைகாட்டினார்கள். குழாய்க்காரர்கள் சிரித்த சிரிப்பில் கிரேன் ஆடியது. (இந்த வரியை அடித்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. ஆடியது.) அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெறுங்கையோடு போனால் மேஸ்திரி முன்னாலேயே மானம் போகும். குழாய்க்காரர்கள் குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. சுட்டால் இரும்பு நீளும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தள்ளிக்கொண்டு வந்தேன்.

"என்ன புள்ள இது?"

"நீங்க கேட்டதுதான் அண்ணே."

தூலத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அடியில் ஹீட்டரை வைத்தேன். மேஸ்திரி வந்து நின்றார்.

"என்னம்மா, சமையலா?"

"ஆமா தலைவரே. வேக நேரமாகும்."

4

முடிவுகள்:

அ) தூலம் நீண்டு நீண்டு பக்கத்து ஊருக்குள் நுழைந்தது. மேஸ்திரி தேம்பி அழுதார்.

ஆ) தார்ப்பாய் பற்றிக்கொண்டது, நான் கல்லாவுக்குத் திரும்பினேன். (பிறகு இந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்கென்ன வேலை?)

இ) துளைகள் சேர்ந்தன, போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேஸ்திரி ஏர்லைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே அந்த மெஷின் இவ பொறுப்பு. இவ இங்கதான் இருப்பா."

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் வாசகரே, நான் தலையிடமாட்டேன். இதுவரை எழுதியதை இன்று மேசையில் சத்தமாக வாசித்தேன். ஏர்ல் முட்டையைக்கூட மறந்து கேட்டான்.

"ஒரு முழமாம். அளந்து பொய் சொல்லு, பெர்னிஸ்."

"அப்ப எவ்வளவு?"

"ஒரு நூல், அங்குலத்துல எட்டுல ஒண்ணு," என்றான் ஏர்ல். "போல்ட்ட எறக்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"