தரிசில் கட்டிய குதிரை

வைக்கோல் மறுபடியும் கராயெல்லின் வாயிலிருந்து நழுவி விழுந்தது. குதிரையின் தாடை மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை. உதடு இறுகிப் பல் தெரிந்ததில், யாரையோ பார்த்து இளிப்பது போலிருந்தது. நுஸ்ரெத் கிழவர் விழுந்த வைக்கோலைப் பொறுக்கி மறுபடியும் அதன் வாயில் திணித்தார்.

"பக்கத்து வீட்டு ஜெம்ஷித் பய கண்ணுதான். போன வருஷம் குதிரையேறிக் கழியெறியற ஆட்டத்துல இது ஓடினதப் பாத்து வாயப் பொளந்தான்ல?"

"அவன் கண்ணு படக்கூடாதுன்னுதானே வெயில்காலம் பூரா கல்லறைக்குப் பின்னால தரிசுல ஒளிச்சு வச்சீங்க?" என்றாள் மனைவி குல்லு. "அங்க வந்து எட்டிப் பாத்தானாக்கும். பேசாம டாக்டரம்மா சொன்னதக் கேளுங்க."

அன்று காலையில் எர்சுரும் நகரத்திலிருந்து வந்து பார்த்த கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். குதிரை வாயில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, மேய்ந்த இடத்தில் சாக்கிர் முள் உண்டா என்று கேட்டாள். அது இல்லாத தரிசு எங்கே இருக்கிறது?

"மாசக்கணக்கா அந்த முள்ளத் தின்னா குதிரைக்கு மூளை செத்துடும் மாமா. இனி மென்னு முழுங்க வராது. தண்ணிகூட கண்ணு வரைக்கும் முகத்த முக்கினாத்தான் தொண்டையில இறங்கும். பட்டினியில துடிக்க விடாதீங்க. நாளைக்கு வந்து வலியில்லாம உயிர் போக ஊசி போட்டுடறேன்."

"என் கழுதையும் அதத்தான் தின்னுது. அதுக்கு உன்னைவிட மூளை நல்லாவே வேலை செய்யுது."

"கழுதைய அது ஒண்ணும் பண்ணாது. குதிரையத்தான்."

போடி என்று விரட்டிவிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

விடிந்ததும் தனியாகத் தரிசுக்குப் போனார். ஜெம்ஷித் விஷம் வைத்த பொட்டலம், ஒரு செருப்புத் தடம், ஏதாவது கிடைத்தால் போதும் என்று குனிந்து தேடினார். புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. சாக்கிர் முள் மட்டும் வேரை ஆழத்தில் விட்டு, பஞ்சு படிந்த சாம்பல் தண்டோடு முழங்கால் உயரம் நின்றது. ஒவ்வொரு மஞ்சள் பூவுக்கும் அடியில் ஊசிகள் நட்சத்திரமாய் விரிந்திருந்தன. இதை எந்தக் குதிரை தொடும் என்றுதான் தைரியமாகக் கட்டினார். ஆனால் முளைக்குச்சியைச் சுற்றி, கயிறு எட்டும் தூரம் வரை, ஒரு பூ இல்லை. கடித்த மொட்டைத் தண்டுகள்தான். அதற்கு அப்பால் இன்னொரு வட்டம். அதையொட்டி இன்னொன்று. முளையை மாற்றி மாற்றி அடித்தது அவர் கைதான்.

வீடு திரும்பியபோது வாசலிலிருந்து குல்லு கத்தினாள்: "இங்க வாங்களேன்! தண்ணி குடிக்குது! சரியாயிடுச்சு!"

கராயெல் லாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் கண் வரைக்கும் முகத்தை முக்கியிருந்தது. சாலையில் டாக்டரின் ஜீப் புழுதி கிளப்பியது. அவளை உள்ளே விடாமல் லாயக் கதவைச் சாத்தப் போன கிழவர் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றுவிட்டார். தொட்டியில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன.