கணவாய் துப்பிய சாயங்காலம்

மசக்கையில் என் மனைவிக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அப்படிக் கிடந்தவள் ஒரு நாள், "கணவாய் மீன் தின்னா உள்ள தங்கும் போல இருக்கு" என்றாள். கடையில் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஐஸில் கிடந்தது ஆகாதாம். அப்போதுதான் பிடித்தது வேண்டுமாம்.

அதனால் அன்றைய லாரி மூட்டைகளை இறக்கிய கையோடு, அவள் அண்ணனுடன் கடலோரப் பாறைக்குப் போனேன். மச்சான் தையல்காரர், ஓய்வு நேரத்தில் தூண்டில்காரர். பாறை முழுக்கப் பாசி, அழுகின இரை, யாரோ கழித்துவிட்டுப் போனது. கணவாய் என்றாலே எனக்குக் குமட்டும். சளி மாதிரி வழுக்குகிற உடம்பு. கண் மட்டும் மனுஷக் கண்.

மச்சான் தூண்டில் கோலின் நூலில் ஓர் இறால் பொம்மையைக் கட்டினார். வாலில் வட்டமாக முட்கள்.

"தூர வீசுங்க. மூழ்க விடுங்க. ரெண்டு சுண்டு சுண்டிட்டு சும்மா இருங்க. கனமா தெரிஞ்சா மெதுவா சுத்தணும் மாப்ள. அது சதை ரொம்ப மெதுசு."

பொழுது சாயும்போது கோல் கனத்தது. இருபது வருடம் கயிறு இழுத்த கை சும்மா இருக்குமா? ஒரே இழு. வந்தது கணவாயின் ஒற்றைக் கை மட்டும். உடம்பு இல்லாமலே முள்ளில் சுருண்டு நெளிந்தது.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "லாரிக் கயிறுன்னு நெனச்சீங்களா? இந்த ஒத்தக் கையில என் தங்கச்சிக்குப் பசியாறுமா?"

மறுபடி வீசினேன். இந்த முறை கண்ணாடிப் பெட்டி இறக்குவதுபோல இழுத்தேன். முழுசாக வந்தது.

"மை பீச்சுற குழாய உங்க பக்கம் திருப்பாதீங்க!" என்று அவர் கத்தும்போது, நான் வாயெல்லாம் பல்லாக அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தேன். பீச்சியது. வாய், மூக்கு, சட்டை எல்லாம் கருமை. உப்பும் கவிச்சியுமாகக் கோழைபோல் நாக்கில் ஒட்டியது. பாறையில் மண்டியிட்டு மதியம் தின்றதையும் கக்கினேன்.

"அங்க அவ, இங்க நீங்க. யாருக்கு மாசம்னே தெரியலையே" என்றார் மச்சான்.

வீட்டில் நானே கழுவினேன். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் கூடவே வழுக்கி வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நறுக்கி, உப்பு போட்டு வேகவைத்தேன்.

தின்றாள். கால் மணி, அரை மணி. வாசலில் வாளியோடு நின்றேன். வாந்தி வரவில்லை. தட்டை வழித்து நக்கினாள்.

"நாளைக்கும் போறீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் கருப்புப் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். நாக்கடியில் அந்தக் கோழை இன்னும் இருந்தது. விழுங்கிவிட்டு, "ம்" என்றேன்.