பாசிக்குப் போட்ட இன்ஷியல்

என் மாமியார் போனில் நலம் விசாரிப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே, "இப்ப என்னம்மா வளக்கிறே?" என்பார். நான் எதையும் வளர்ப்பதில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வௌவாலைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், ஒரு வௌவாலைக்கூடத் தொட்டதில்லை. யாரோ பிடித்து ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அதிலுள்ள மரபணு எழுத்துகள் கோடிக்கணக்கில் என் கணினிக்கு வந்து குவியும். அவற்றைப் படித்து அர்த்தம் சொல்வது என் வேலை. உயிர்த்தகவலியல் என்று அதற்குப் பெயர்.

பூஞ்சையில் தொடங்கினேன். பிறகு உருளைப்புழு, வௌவால், கணவாய், இப்போது பாசி. ஒவ்வொரு உயிருக்கும் ஓர் ஒப்பந்தம், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஓர் ஊர். என் வீட்டுக்காரர் பல் டாக்டர். "ஊர் மாறினா என்ன, வாய்தான் வேற, சொத்தை ஒண்ணுதான்" என்று கூடவே கிளம்பிவிடுவார். மகள் அப்படியில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய புத்தகப் பெட்டி கட்டிய கயிறுகூடப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பிரிக்கச் சொன்னால், "எதுக்கு? திரும்பக் கட்டறதுக்கா?" என்பாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அதனால்தான் இங்கே ஒரு நிரந்தர வேலை காலியானபோது விண்ணப்பித்தேன். அது கிடைக்காவிட்டால் மறுபடி மூட்டை முடிச்சு. தேர்வுக் குழுவில் என் ஆய்வகத் தலைவரும் இருந்தார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பாசிக்காரர் என்போம். படித்தது, எழுதியது, கனவு கண்டது எல்லாமே பாசிதான். நல்ல மனிதர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவருடைய பாசி வருஷக்கணக்கில் காய்ந்து கருகிக் கிடந்தாலும் ஒரு மழைக்குப் பச்சை பிடித்துவிடும். அந்தச் சூட்சுமத்துக்குக் காரணமான மரபணு கிடைத்துவிட்டது என்று ஆய்வகமே துள்ளிக்கொண்டிருந்தது. வேறு எந்தச் செடியிலும் இல்லாத மரபணு. மாநாட்டில் அறிவிக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கழுவித் துடைத்த தரவை நான் நம்புவதில்லை. இயந்திரம் தரும் எழுத்துகளின் முனைகளைக் குப்பை என்று ஒரு நிரல் வெட்டித் தள்ளிவிடும். எல்லோரும் அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்குவார்கள். நான் வெட்டாததைத் திறந்தேன். அந்த மரபணுவின் நகல்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே தொடர் உட்கார்ந்திருந்தது: ஜி ஜி டி டி டி ஏ ஏ டி டி ஏ சி சி சி…

"அடப்பாவிகளா!" என்று கத்தியே விட்டேன்.

அது எந்தப் பாசியிலும் இருக்காது. உருளைப்புழுக்கள் தங்கள் மரபணு நகல்களுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் தொடர் அது. நம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற இன்ஷியல் மாதிரி. புழுவோடு குப்பை கொட்டிய காலத்தில் தூக்கத்தில்கூட அதை ஒப்பிப்பேன். பாசித் திட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் குடியிருந்திருக்கின்றன. பாசியை அரைத்தபோது அவற்றையும் சேர்த்து அரைத்துவிட்டார்கள்.

"இன்டர்வியூ முடியட்டுமே, அப்புறம் சொல்லேன்" என்றார், ராத்திரி விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர்.

"தெரிஞ்சே மூடி வச்சு ஒரு வேலை வாங்கணுமா? அதுக்கு நான் பெட்டியே கட்டிடுவேன்" என்றேன்.

மறுநாள் காலையில் நேராகப் பாசிக்காரர் அறைக்குப் போனேன். பாதி சொல்வதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்களுக்குப் பாக்கறதெல்லாம் புழு!" என்று கதவைக் காட்டினார்.

நேர்காணலில் அந்தக் கோபம் ஆறாமலே உட்கார்ந்திருந்தார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்னு சொல்லுவாங்க. பூஞ்சைங்கறீங்க, வௌவாலுங்கறீங்க. எதுலதான் நீங்க நிபுணர்?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "மரம் மாறி வந்திருக்குன்னு யார் சார் சொல்லுவா? ஒரே மரத்தைப் பாத்தவரா? பல மரம் பாத்தவதான் சொல்லணும்."

"என்ன மரம் மாறிச்சு?" என்று குழுவின் நடுவில் உட்கார்ந்திருந்த நிறுவன இயக்குநர் அம்மா நிமிர்ந்தார். சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பேசிக்கிட்டே இருப்பானேன்? பாசியை நனைச்சுப் பாத்துடலாமே."

நனைத்தோம். காய்ந்த பாசியைத் தட்டில் ஊறப்போட்டு, உதறி, அடியில் தங்கிய நீரை நுண்ணோக்கியின் கீழே வைத்தோம். புழு இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை, மானமும் இல்லை. ஆனால் என் எழுத்துகள் மேல் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தோம். பாசிக்காரர் வேறு யாரையும் பார்க்க விடாமல் தானே குனிந்து பார்த்தார்.

திருகை இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார்.

"சுருண்டு கிடக்கு" என்றார். பிறகு குரல் மாறியது. "ஐயோ, நெளியுது! இத்தனை வருஷம் காய்ஞ்சு கிடந்துட்டு உசுரோட நெளியுது!"

நிமிர்ந்தபோது அவர் கண்ணில் கோபம் இல்லை. வாழ்நாளின் பெருமையை இழந்தவர் முகம். எனக்கே பாவமாகிவிட்டது.

"மரபணு நிஜம் சார். இன்ஷியல்தான் மாத்திப் போட்டுட்டோம்."

அவர் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். புழுக்களைப் பொறுக்கி நீக்கிய பாசியில் அந்த மரபணு இல்லவே இல்லை என்று பிறகு உறுதியானது. மாநாட்டுக்கு அவரே எழுதி அறிவிப்பை நிறுத்தினார்.

வேலை எனக்குத்தான் என்று இயக்குநர் அம்மா சொன்னபோது பக்கத்தில் அவரும் இருந்தார். "அந்தப் புழுவை இனி நீங்களே கட்டி மேயுங்கம்மா. என் பாசி எப்படிப் பொழைக்குதுன்னு நான் முதல்லேருந்து தேடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, பாசி முடிந்தது, இனிமேல் புழு என்று சொன்னேன். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்போ அடுத்து எந்த ஊரு?"

"இதே ஊருதான்டி. பிராணிதான் வேற."

அவள் என்னை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை பார்த்தாள். கையைக் கழுவினாள். சமையலறை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.