சமையலறையில் நான்காவது கியர்

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பல் மருத்துவர் நெடில்கோவின் சமையலறையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நான்காவது கியருக்கு மாறியது. கார் அப்போது பதினோரு கிலோமீட்டர் தள்ளி, மலைமேட்டுப் பந்தயத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. சமையலறை வாசலைத் தாண்டினால் அதே வீட்டிலும் கேட்கவில்லை. மீன் குழம்புக்குப் பூண்டு நறுக்கிக்கொண்டிருந்த நெடில்கோவின் மனைவி யாகொடா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியின் விளிம்பை நோக்கி நடந்துவந்துகொண்டிருந்த கண்ணாடிக் கோப்பைகளைப் பிடிக்கப் போனார். ஒன்பதைக் காப்பாற்றினார்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல எங்கள் கார் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பதினான்கு பேர்: மூன்று பல் மருத்துவர்கள், ஒரு நோட்டரி, மீதி ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்கள். எங்கள் கார்கள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நல்ல சைலன்சரோடுதான் வந்தன. நாங்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டும் டைட்டானியக் குழாய்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டினோம். பிறகு மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, தடத்தில் தொண்ணூற்றைந்து டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. கூட்டிய சத்தத்தைக் குறைக்க ஆறு வருடம் பாடுபட்டோம். குழாய்க்குள் எஃகு நாரும், சத்தத்தை உறிஞ்சும் பாறைக் கம்பளியும் திணித்தோம். வாயில் அடைப்பான் செருகி ஒற்றைத் திருகாணியால் முடுக்கினோம். நோட்டரி வியெகோவின் அடைப்பான் இரண்டாவது சுற்றில் பீரங்கிக் குண்டு போலக் கிளம்பிப் பின்னால் வந்த காரின் கண்ணாடியை உடைத்தது. நேர்பாதையின் வலப்பக்கம் சத்தம் அளக்கும் மைக் வைத்த குடிசையைக் கடக்கும்போது மட்டும் எல்லோரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தோம். அந்த இடத்தில் பதினான்கு கார்கள் தேவாலயத்துக்குள் பிந்தி வந்தவர்களைப் போலப் பம்மிப் பம்மிப் போகும். பழைய சைலன்சரையே திரும்ப மாட்டலாம் என்று ஆறு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் ஒருவரும் சொல்லவில்லை.

தடத்தின் வாசலில் சோதனை செய்பவர் லூட்சியா. முப்பது வருடம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். எங்களில் பாதிப் பேரைக் கயிறு ஏறவைத்திருக்கிறார். குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சாய்வாக மீட்டரைப் பிடித்து, எஞ்சினை முறுக்கச் சொல்வார். ஒருவர் மூன்று முறை தவறினால் பெயர் ஆயுளுக்கும் நீக்கப்படும். மார்ச் முடிவதற்குள் நெடில்கோ இரண்டு முறை தவறியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில், வாரம் முழுக்க மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்தத் தடத்தை விட்டால் வேறு இடமில்லை.

அதனால் அவர் குழாயின் வாலை இடப்பக்கமாக வளைத்தார். மைக் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் வெறும் சுண்ணாம்புப் பாறை, முட்புதர், அதற்கும் கீழே கடற்கரை. அந்தத் திசையில் கோடு இழுத்தால் அது தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் போய் முடியும் என்பதை, எக்ஸ்ரே படம் பார்த்தே வாழ்க்கை நடத்தும் அந்த மனிதர் வரைபடத்தில் பார்க்கவில்லை.

மீட்டர் அறுபத்தொன்று காட்டியது. லூட்சியா அதைத் தட்டிப் பார்த்தார். மறுபக்கம் சுற்றிவந்து பிடித்தார். அறுபத்தொன்று.

"எஞ்சின போடுங்க டாக்டரே."

"போட்டுத்தான் இருக்கு."

"எங்கிட்டயே வேல காட்டாதீங்க. கயிறு பாதி ஏறிட்டு மேல போயிட்டேன்னு சொன்ன ஆளு நீங்க."

ஆனால் காருக்குள் எஞ்சின் வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டருகே நடுங்கிக்கொண்டிருந்தது. புதரில் ஒரு குருவி கத்துவது எல்லோருக்கும் கேட்டது. அவரை உள்ளே விட்டார்கள். நாங்கள் கைதட்டினோம். அரைமணி நேரத்தில் நெடில்கோவின் செல்பேசியில் யாகொடா அழைத்தார்.

"நெடோ, இப்ப கியர மாத்தி போட்டியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்கதான் போட்ட. அடுப்புக்குப் பக்கத்துல. அதுல ரெண்டு கோப்ப போச்சு."

அந்த மாதம் முழுக்க நாங்களும் வாலை இடப்பக்கம் வளைத்துப் பார்த்தோம். யாருடைய சத்தமும் எங்கும் போகவில்லை. வியெகோவின் பம்பர் உருகியது. யாகொடா பாதிரியாரை அழைத்துவந்தார். அவர் தண்ணீர் தெளித்துவிட்டு, எத்தனை சிலிண்டர் என்று விசாரித்துப் போனார். மே மாதம் யாகொடா முடிவாகச் சொன்னார்: "அடுத்த சனிக்கிழமைக்குள்ள உன் சத்தத்த நீ எடுத்துக்க. இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் உறுமும்."

நெடில்கோ இரண்டு நாள் யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளில் முடிவெடுத்ததாக அவர் சொல்லிக்கொள்வது பொய். வெள்ளிக்கிழமை வாலை நேராக்கினார். திணித்திருந்த கம்பளியை எல்லாம் பிடுங்கி எறிந்தார். சனிக்கிழமை எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு, மூன்றாம் முறை தவறுவதற்காக லூட்சியாவின் முன்னால் போய் நின்றார். மீட்டர் அறுபத்தொன்று காட்டியது. சத்தம் திரும்பி வரவில்லை. அதற்குச் சமையலறை பிடித்துவிட்டது.

பெயர் தப்பியது. அவர் ஒரு சுற்றுக்கூட ஓட்டாமல் வீட்டுக்குப் போனார். யாகொடா கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டார். அப்படியானால் அந்தக் காருக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டார். காற்றுச் சத்தம் மட்டும், அதுவும் மெதுவாக, என்றார் நெடில்கோ.

"சாவியக் குடு," என்றார் யாகொடா.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் யாகொடாதான் ஓட்டுகிறார். தனக்கு அமைதி கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கார்தான் என்று லூட்சியாவிடம் சொல்லியிருக்கிறார். ஜூலையில் நெடில்கோவின் சுற்று நேரத்தை நான்கு விநாடி முந்தினார், செப்டம்பரில் ஏழு. நெடில்கோ குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். நாங்களும் ஒவ்வொருவராகத் தடத்துக்குப் போவதை விட்டுவிட்டோம். மைக்கின் முன்னால் பம்மிக்கொண்டு போவதைவிட, அந்தச் சமையலறையில் ரொட்டியும் வெள்ளை ஒயினுமாக உட்கார்ந்தால், நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய சத்தம் முழுதாகக் கிடைக்கிறது. வளைவுகளில் கார் சாயும்போது குழம்புச் சட்டியும் லேசாகச் சாய்கிறது. கோப்பைகளை பிளாஸ்டிக்கில் மாற்றியாயிற்று.

அக்டோபரில், விடுப்பு எடுத்த ஒரு சனிக்கிழமை, லூட்சியாவும் வந்தார். பழக்கத்தில் மீட்டரை எடுத்து, அடுப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் சாய்வாகப் பிடித்தார். நூற்றெட்டு. நாங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல மேசையைப் பார்த்தோம்.

"இது யாரோடது?" என்று கத்திக் கேட்டார்.

நெடில்கோ கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் பொண்டாட்டியோடது."

லூட்சியா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு, வியெகோவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.